ஃபிளாப்பி வீரனும் என் வில்லுக்காரியும்

ஒரு கம்ப்யூட்டர் கேமுக்காகக் கூடப்பிறந்த அண்ணனோடு பதினோரு நாள் பேசாமல் இருந்தவள் நான். இதைச் சொன்னால் ஆபீஸில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தக் கோபத்துக்காக நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. அதே நாள் திரும்ப வந்தால் திரும்பவும் அப்படியேதான் கத்துவேன்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடை. அதன் மாடியில் அந்த கம்ப்யூட்டர் சென்டர். படி ஏறும்போதே பூச்சிமருந்து நெடி மூக்கில் ஏறும். மேலே நாலு மெஷின், ஒரு ஃபேன், செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி ஓர் அட்டை. ஆறு மாத டிப்ளமா. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பன்னிரண்டாவது முடித்து ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்துவிட்டு, சாப்பிடாமல் கிடந்து சண்டை போட்டுத்தான் அங்கே சேர்ந்தேன்.

எங்கள் ஊர் சாலவாக்கம் பக்கம். டவுன் பஸ் உண்டு. ஆனால் அதில் என்னைத் தனியாக அனுப்ப நைனா ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணன் வண்டில இட்டுக்கினு போவட்டும். அங்கயே இருந்து, முடிஞ்சதும் இட்டாரட்டும்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் என்னைவிட நாலு வயது பெரியவன். காலையில் கழனி வேலையைப் பார்த்துவிட்டு, குளித்து, தலை சீவி, மொபெட்டை எடுப்பான். ஒரு நாள் கூட முகம் சுளித்ததில்லை.

அண்ணன் நல்லவன். பிரச்சினையே அதுதான். கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! வயிற்றுவலி எனக்கு வந்தால், எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் காட்டுவது அவன். பஸ்ஸில் போனால் எனக்கும் சேர்த்து ஊர் பேர் சொல்லி டிக்கெட் கேட்பது அவன். சென்டரில் சேர்ந்த அன்று சார் என்னைப் பார்த்து, "பேர் இன்னாம்மா?" என்றார். அண்ணன் சொன்னான். "எதுவரைக்கும் படிச்சிக்கீற?" அதற்கும் அண்ணன். "கம்ப்யூட்டர் தொட்டுப் பாத்திருக்கியா?" என்று கேட்டதற்கு, "இல்ல சார், அது தொட்டதேயில்ல" என்றான். பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் நான் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவன் எனக்காகக் கையெழுத்து போடும் இடத்தையும் தேடிக்கொண்டிருந்தான்.

வகுப்பு பதினோரு மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியும். சார் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத்தான் வருவார். அந்த இரண்டு மணி நேரம் நாலு மெஷினும் சும்மா. படிப்பு முடிந்தும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த மூன்று பையன்கள் அந்த நேரத்தில் கேம் ஆடுவார்கள். எனக்காகக் காத்துக் காத்துப் போரடித்த அண்ணனும் மூன்றாவது வாரம் அவர்களோடு சேர்ந்துவிட்டான். மதியச் சாப்பாட்டை அங்கேயே டப்பாவில் கொண்டுவர ஆரம்பித்தோம். நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

அது ரோல் பிளேயிங் கேம். சென்னையிலிருந்து யாரோ வாங்கி வந்த காப்பி சிடி. ஒரு கிராமம், அதன் ஓரத்தில் பாழடைந்த கோட்டை, கோட்டைக்கு அடியில் ஏழு நிலவறை. வாள்காரன், வில்லுக்காரி, மந்திரக்காரன் என்று மூன்று பேரில் ஒருவரை எடுத்துக்கொண்டு, பெயர் வைத்து, கீழே இறங்க வேண்டும். ஒன்றாம் லெவலில் கையில் ஒன்றும் இருக்காது. அடிக்க அடிக்க லெவல் ஏறும், பலம் வரும், நல்ல ஆயுதம் கிடைக்கும். இதில் இரண்டு விதமாக ஆடலாம். தனியாக ஆடினால் கதை உண்டு. கிராமத்து ஜனங்கள் பேசுவார்கள், வேலை சொல்வார்கள், அழுவார்கள். கேபிள் போட்டு நாலு மெஷினையும் இணைத்தால் மல்டி பிளேயர். அதில் நாலு பேரும் ஒன்றாக இறங்கலாம். பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாக் கதவும் திறந்தே இருக்கும், வெட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

மல்டி பிளேயரில் வளர்ந்த ஆளை, அவன் பையில் இருக்கும் சாமான்களோடு சேர்த்து சேவ் பண்ணி, தனி ஆட்டத்துக்குள் கொண்டுவரலாம். இம்போர்ட் என்பார்கள். சென்டரில் இதை ஒரு சடங்காகவே வைத்திருந்தார்கள். ஒரு ஃபிளாப்பி இருந்தது. மேலே பேனாவில் 'வீரன்' என்று எழுதியிருக்கும். எவனோ எப்போதோ வளர்த்த முப்பத்தெட்டாம் லெவல் வாள்காரன் அதில் இருந்தான். புதிதாக யார் ஆட வந்தாலும் அந்த வீரனை ஒரு காப்பி போட்டுக் கொடுப்பார்கள். வந்தவன் அதற்குத் தன் பெயரை வைத்துக்கொள்வான். அதாவது, அந்த மாடியில் இருந்த எல்லா வீரனும் ஒரே வீரன். இரண்டு வருடமாக அங்கே ஒருத்தன் கூட ஒன்றாம் லெவலிலிருந்து ஆடியதில்லை.

எனக்கும் ஆசையாக இருந்தது, கேட்டேன். அண்ணனுக்குச் சந்தோஷம். நாலாவது மெஷினில் ஃபிளாப்பியைச் செருகி எனக்கும் வீரனைக் கொடுத்தான்.

நான் மெதுவாகத்தான் ஆடுவேன். மற்றவர்கள் யாராவது பேச ஆரம்பித்தால் எஸ்கேப் கீயைத் தட்டித் தாண்டிவிடுவார்கள். நான் ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். புரியாத இங்கிலீஷ் வார்த்தையை நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய் டிக்‌ஷனரி பார்ப்பேன். முதல் நாள், கிராமத்து எல்லையில் ஒரு கிழவி என் வீரனை வழி மறித்தாள். உன் காலில் செருப்பு கூட இல்லையே பிள்ளே, கீழே போகாதே, போய்த்தான் ஆவேன் என்றால் இந்தக் கத்தியையாவது எடுத்துக்கொள் என்றாள். என் வீரனோ தலை முதல் கால் வரை தங்கக் கவசம் போட்டு, கையில் எரிகிற வாளோடு நிற்கிறான்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் கீழே இறங்கினேன். எது வந்தாலும் ஒரே அடி. ஓர் அடிக்கு ஒரு பிணம். இரண்டாவது நாள் மத்தியானத்துக்குள் எனக்குச் சலித்துவிட்டது. கிழவி பயப்படுகிறாள், நான் பயப்படவில்லை. அவள் யாரோ ஒரு பிள்ளைக்காகப் பேசுகிறாள். அந்தப் பிள்ளை நான் இல்லை. அவள் பேச்சுக்குப் பொருத்தமான ஆளாக ஒரு தடவை அவள் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் புது ஆட்டம் தொடங்கினேன். வில்லுக்காரியை எடுத்தேன். எட்டு அம்பு கொடுத்தார்கள். ஒன்றாம் லெவல்.

"பேஜாரு புடிச்ச வேலை சிஸ்டர் அது. எலி கூட கடிச்சிக் கொன்னுடும்" என்றான் ஒரு பையன். அவன் சொன்னது நிஜம். எலி கடித்துத்தான் முதலில் செத்தேன். அப்புறம் நாய். அப்புறம் பொறி. விட்ட அம்பைத் திரும்பப் பொறுக்கலாம் என்பதே எனக்கு நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கதவைக் கொஞ்சமாகத் திறந்து, ஒன்றை மட்டும் வெளியே இழுத்து, ஓர் அம்பு விட்டு, தூண் பின்னால் ஓடி, இன்னோர் அம்பு விட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. செத்துச் செத்து நானே கற்றுக்கொண்டேன். கிழவி கொடுத்த கத்தி இரண்டாம் நிலவறையில் என் உயிரைக் காப்பாற்றியபோது, ஆள் இருக்கிறார்கள் என்பதை மறந்து நாற்காலியை விட்டு எழுந்து கத்திவிட்டேன்.

அண்ணன் கை அடிக்கடி என் மவுஸை நோக்கி வரும். "குடு, இந்த ஒண்ண மட்டும் நான் அட்ச்சித் தரேன்."

"வேணா ண்ணா."

"எத்தினி வாட்டிதான் சாவுவ?"

"நான்தான சாவறேன். உனக்கின்னா?"

மல்டி பிளேயரைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒரு நாள் வேறோர் ஆளை எடுத்துக்கொண்டு நானும் அவர்களோடு இறங்கியிருக்கிறேன். நாலு பேரும் கத்திக்கொண்டு, ஒருத்தனை ஒருத்தன் இடித்துக்கொண்டு, பெட்டியைத் திறந்தவுடன் யார் முந்தி கிளிக் பண்ணுவது என்று அடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தோம். நாலு பேர் இறங்கினால் எதிரிக்கும் நாலு மடங்கு உயிர் வந்துவிடும். அது அதற்குச் சரி. ஆனால் நாலு பேர் சேர்ந்து சம்பாதித்த பலத்தைத் தூக்கிக்கொண்டு, ஒற்றை ஆளுக்காக எழுதின கதைக்குள் நுழைந்தால் அங்கே மிஞ்சுவது என்ன? எதிரிகள் ஒற்றை ஆளுக்கான உயிரோடு அப்படியே நிற்கிறார்கள். அவர்களை வெட்டுவதில் என்ன பெருமை? நான் இதைச் சொன்னபோது மூன்று பையன்களும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

மூன்றாம் நிலவறையின் பாதி வரை வந்துவிட்டேன். அந்த நேரத்தில் வாலாஜாபாத்தில் இருக்கும் சித்திக்குக் குழந்தை பிறந்தது. அம்மா உதவிக்குப் போனாள், கூட நானும். ஒன்பது நாள். துணி அலசும்போதும் கஞ்சி காய்ச்சும்போதும் என் மனசெல்லாம் அந்த நிலவறையில்தான் இருந்தது. அந்த வளைவில் இரண்டு பேர் நிற்கிறார்கள், என்னிடம் பதினோர் அம்புதான் இருக்கிறது, எப்படிப் போவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு வழியும் கண்டுபிடித்தேன்.

திரும்பி வந்த அன்று, படி ஏறும்போதே அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு. மூன்று பையன்களும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காரு. தொறந்து பாரு."

திறந்தேன். என் வில்லுக்காரி நின்றாள். நான் வைத்த பெயர்தான். ஆனால் மேலெல்லாம் வெள்ளிக் கவசம். கையில் நெருப்பு எரிகிற வில். முப்பத்தாறாம் லெவல்.

"உன் ஆள மல்டி பிளேயர்ல இட்டுக்கினு போயி, நாலு பேருமா வளத்து, திரும்ப உன் கேம்லயே இம்போர்ட் பண்ணி, நீ உட்ட எடத்துலயே கொண்டாந்து நிறுத்திக்கீறேன்" என்றான் அண்ணன். "ஒரு வாரம் வேலை."

"உங்க அண்ணன் சாப்பாட்டுக்குக் கூட எழுந்திரிக்கல சிஸ்டர்" என்றான் ஒருத்தன்.

"என் பழைய சேவ் எங்க?"

"அதும் மேலயேதான் போட்டுக்கீறேன். பழசு எதுக்கு?"

அந்த வளைவு, அந்த இரண்டு பேர், அந்தப் பதினோர் அம்பு, சித்தி வீட்டில் நான் கண்டுபிடித்த வழி எல்லாம் போய்விட்டது. அந்த வளைவை இனி ஒரே அடியில் தாண்டிவிடலாம்.

"யாரக் கேட்டுப் பண்ண?" என்றேன்.

"இன்னாடி கேக்கணும்? உனக்குத்தான செஞ்சேன்."

"எனக்குச் செய்யச் சொல்லி உன்கிட்ட யாரு அழுதா? நான் சாவறேன், நான் பொழைக்கிறேன், உனக்கின்னா வந்துச்சி? என் பேரக் கூட நீதான் சொல்ற. என் வவுத்து வலியக் கூட நீதான் சொல்ற. இது ஒண்ணாவது நான் ஆடறேன்னு உட மாட்டியா?"

பையன்கள் தரையைப் பார்த்தார்கள். அண்ணன் முகம் கறுத்துப்போனது. நான் வில்லுக்காரியின் பெயர் மேல் மவுஸை வைத்து டெலிட் அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம் என்று அழுத்தினேன். ஒரு வார வேலை ஒரு நொடியில் போயிற்று. "அய்யோ" என்றது அண்ணனில்லை, சாப்பாட்டைப் பற்றிச் சொன்ன பையன்.

அண்ணன் என்ன நினைத்து அதைச் செய்தான் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். எங்கள் ஊரில் நடவு நேரத்தில் ஒரு வீட்டில் காய்ச்சலோ சாவோ வந்துவிட்டால், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அக்கம்பக்கத்துக் கழனிக்காரர்கள் இறங்கி நட்டு முடித்துவிட்டுப் போவார்கள். கேட்டுக்கொண்டு நிற்பதுதான் மரியாதைக் குறைவு. சித்தி வீட்டுக்குப் போன தங்கச்சியின் ஆட்டம் பாதியில் கிடக்கிறது, நாலு கை சேர்ந்து முடித்துக் கொடுப்போம் என்று நினைத்திருக்கிறான். ஃபிளாப்பி வீரனைப் புதியவனுக்குக் கொடுப்பதும் அந்தப் புத்திதான். ஆனால் யார் நட்டாலும் நெல் விளையும், அறுத்தால் அரிசி. இங்கே விளைச்சல் என்று ஒன்றும் கிடையாது. நடுவதுதான் எல்லாமே. அதை இன்னொருவர் செய்துவிட்டால் எனக்கென்று அங்கே ஒன்றும் இல்லை. இதை அவனுக்கு எடுத்துச் சொல்லும் பொறுமை அன்றைக்கு எனக்கு இருக்கவில்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பதினோரு நாள் மொபெட்டில் அவன் முன்னால், நான் பின்னால், நடுவில் டப்பா பை. ஒரு வார்த்தை கிடையாது. "கூடப் பொறந்தவன் மேல இன்னாத்துக்கு இம்மாங் கோவம்?" என்று அம்மா கேட்டாள். சொன்னேன். "பொம்மைக்கா?" என்றாள். "ஆமா, பொம்மைக்குத்தான்" என்றேன்.

அதே வாரம் சார் ஒன்று சொன்னார். மாதக் கடைசியில் காஞ்சிபுரத்தில் பரீட்சை. அது முடிந்ததும் புது பேட்சுக்காக நாலு மெஷினையும் ஃபார்மேட் பண்ணப் போகிறார். எல்லாம் அழிந்துவிடும். எனக்கு நாலு வாரம்தான் இருந்தது. நான் நேராக அவர் மேஜைக்குப் போனேன். அண்ணன் மெஷின் பக்கம் இருந்தான்.

"சார், மாசக் கடைசி வரைக்கும் மத்தியானத்துல நாலாவது மெஷின் எனக்கு வேணும். வேற யாரும் தொடக் கூடாது."

சார் நிமிர்ந்தார். "அண்ணன் இன்னாம்மா சொல்றாரு?"

"நான்தான் சார் கேக்கறேன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தில் என் பெயரை எழுதி, நாலாவது மானிட்டரின் தலையில் அவரே ஒட்டினார்.

திரும்பவும் எட்டு அம்பு. திரும்பவும் எலி. ஆனால் இந்தத் தடவை எனக்குக் கை பழகியிருந்தது. ஒரே வாரத்தில் மூன்றாம் நிலவறைக்கு வந்துவிட்டேன். அந்த வளைவில், சித்தி வீட்டில் யோசித்த வழியை முயன்று பார்த்தேன். பலிக்கவில்லை, செத்தேன். வேறு வழி கண்டுபிடித்தேன்.

"எதுக்கு சிஸ்டர் கஷ்டப்படறீங்க? நாலாவதுக்கு மேல யாரும் போவ முடியாது. சிடி தேஞ்சி போச்சி" என்றான் சாப்பாட்டுப் பையன்.

அது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நாலாம் நிலவறையில் ஒரு பெரிய இரும்புக் கதவு. பக்கத்தில் ஒரு காவல்காரன். தனி ஆட்டத்தில் அந்தக் கதவு திறக்காது. காவல்காரன், நேரம் வரும்போது வா என்று ஒரே வரி சொல்லிவிட்டு நின்றுவிடுவான். ஃபிளாப்பி வீரன் எரிகிற வாளால் கதவை நாள் கணக்கில் வெட்டிப் பார்த்திருக்கிறான். சிடியைப் பனியன் துணியால் துடைத்தார்கள், பல்பொடி போட்டுத் துடைத்தார்கள், ஒருத்தன் விபூதி கூடப் போட்டான். கடைசியில் காப்பி சிடியில் பாதிதான் ஏறியிருக்கிறது என்று சாரே தீர்ப்பு சொல்லிவிட்டார். இரண்டு வருடத்தில் அந்த கேமின் முடிவை அந்த மாடியில் யாரும் பார்த்ததில்லை.

பார்க்கலாம் என்றுதான் நானும் போனேன். திறக்காவிட்டால் கதவு வரைக்கும் என் காலால் வந்தேன் என்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தபோது, உடைந்த தோல் கவசத்தோடு, இருபத்திரண்டு அம்போடு, காவல்காரன் முன்னால் என் வில்லுக்காரி போய் நின்றாள்.

அவன் பேசினான். ஒரு வரி இல்லை, ஒரு பக்கம் பேசினான். உன் கையில் ஒன்றும் இல்லையே, அதனால் உன்னிடம் கேட்கலாம் என்று ஆரம்பித்தான். அவன் எஜமானின் முத்திரை மோதிரம் ஒன்று இதே நிலவறையில் தொலைந்து கிடக்கிறது, அதைத் தேடிக் கொண்டுவந்தால் கதவைத் திறப்பேன் என்றான். நான் பேனாவை எடுத்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். பின்னால் யாரும் கவனிக்கவில்லை, அவர்கள் மல்டி பிளேயரில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

மோதிரம் தண்ணீர் தேங்கிய ஓர் அறையில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. அதை எடுக்க மூன்று நாள் ஆயிற்று. கொண்டுபோய்க் கொடுத்தேன். காவல்காரன் அழுதான். கதவு திறந்தது. ஸ்பீக்கரில் இரும்பு உராயும் சத்தம் நீளமாக வந்தது. மல்டி பிளேயர் அப்படியே நின்றது. மூன்று நாற்காலிகள் திரும்பின.

"தொறந்துகிச்சி!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அண்ணனும் வந்தான். அவனோடு பேச ஆரம்பித்திருந்தேன், ஆனால் அளவாகத்தான். ஒருத்தன் ஆர்வத்தில் என் மவுஸின் மேல் கையை வைத்தான்.

"கைய எடு" என்றேன். எடுத்தான்.

அதன் பிறகு தினமும் ஒரு மணிக்கு என் நாற்காலிக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். இடது பக்கம் போங்க சிஸ்டர் என்பார்கள், நான் வலது பக்கம் போவேன். தப்பாகப் போனால் செத்தேன், சரியாகப் போனால் பிழைத்தேன். இரண்டும் என் கணக்குதான். பரீட்சைக்கு முந்தின நாள் ஏழாம் நிலவறையின் கடைசி அறைக்கு வந்துவிட்டேன். அங்கே இருந்தவன் என்னை ஆறு தடவை கொன்றான். மணி இரண்டரை. சார் வந்துவிடுவார். ஆறாவது சாவில் அண்ணன் விரல்கள் என் தோள் பக்கத்தில் துடித்ததைப் பார்த்தேன். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

ஏழாவது தடவை கொன்றேன். கடைசி நாலு அம்பும் தீர்ந்து, கிழவி கொடுத்ததைப் போன்ற ஒரு சாதாரணக் கத்தியால் குத்திக் குத்திக் கொன்றேன். முடிவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. என் வில்லுக்காரி படி ஏறி மேலே வருகிறாள், வெளியே வெயில், கிராமத்து ஜனங்கள் நிற்கிறார்கள், கீழே நான் வைத்த பெயர் வருகிறது. அவ்வளவுதான். நான் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

"சிஸ்டர், அந்த சேவ ஒரு காப்பி போட்டுக் குடுங்க" என்று சாப்பாட்டுப் பையன் ஒரு புது ஃபிளாப்பியை நீட்டினான். "நாளான்னிக்கி எல்லாம் அழிஞ்சிடும். இனிமே வரவங்களுக்கு இதையே குடுத்துடலாம்."

"தர மாட்டேன். ஒண்ணுலேந்து ஆடச் சொல்லு."

"ரொம்பத்தான் திமிரு சிஸ்டர் உங்களுக்கு."

"ஆமா" என்றேன்.

கிளம்பும் முன் ஒன்று மட்டும் செய்தேன். 'வீரன்' ஃபிளாப்பியைச் செருகி, அவன் பையைத் திறந்து பார்த்தேன். நான் நினைத்தது சரி. எரிகிற வாள், தங்கக் கவசம், பதினைந்து மருந்துக் குப்பி, அதற்கெல்லாம் கீழே மூலையில் முத்திரை மோதிரம். மல்டி பிளேயரில் கதை கிடையாதே! அங்கே அந்த மோதிரம் பெட்டியில் கிடக்கும் ஒரு சாமான், அவ்வளவுதான். முதல் ஆள் அதை எப்போதோ எடுத்துப் பையில் போட்டிருக்கிறான். காப்பிக்குக் காப்பி அது கூடவே வந்திருக்கிறது. மோதிரத்தோடு வருகிறவனிடம் காவல்காரன் என்ன கேட்பான்? தேடச் சொல்ல ஒன்றும் இல்லை. கதை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கேமும் சும்மா நின்றுவிட்டது. சிடியில் ஒரு கோளாறும் இல்லை. அண்ணன் வளர்த்துக் கொடுத்த என் பழைய வில்லுக்காரியின் பையிலும் அது இருந்திருக்கும். அவளை நான் டெலிட் செய்யாமல் இருந்திருந்தால், நானும் அந்தக் கதவு முன்னால் நின்றுகொண்டு சிடியைத் திட்டியிருப்பேன்.

பையன்களிடம் இதைச் சொல்லவில்லை. ஃபிளாப்பியை வைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

திரும்பும்போது ஏரிக்கரையில் ஏறியதும் அண்ணன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"ஒண்ணு கேக்கட்டா? ரெண்டு வருஷமா எவனுக்கும் தொறக்காத கதவு, உனுக்கு மட்டும் எப்டித் தொறந்துச்சி?"

"நீங்கல்லாம் கூட வரல. அதான்."

அவன் வண்டியை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, திரும்பி என்னைப் பார்த்தான். நான் கேலி செய்கிறேனா என்று தேடினான். நான் கேலி செய்யவில்லை. மோதிரத்தைப் பற்றி, காவல்காரன் சொன்னதைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டான். அவன் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவன் மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. இருந்தாலும் என் பிடிவாதத்திலிருந்து நான் இறங்கி வரவில்லை.

வண்டியைக் கிளப்பப் போனவன் நிறுத்தினான்.

"நாளைக்குக் காஞ்சிபுரத்துல உனுக்குப் பரிட்ச கீதே" என்றான், மெதுவாக.

"பஸ்ஸு கீதுண்ணா" என்றேன்.